வங்காலைப் பூநாரைகள்: கருவட்டம் ஒழிந்தது

தொலைநோக்கி வழியே போனில் எடுக்கும் என் படங்களின் ஓரங்களைக் கருப்பாக மறைத்து, மூன்று மாரியாகக் கெடுத்த அந்தக் கருவட்டம் போன ஞாயிறு காலை ஒருவழியாக ஒழிந்தது. மன்னார் வங்காலையில், தள்ளாடிப் பக்கம் வீதியோரத்தில் முக்காலியை நிறுத்தி, தொலைநோக்கியில் போனைப் பொருத்தி எடுத்ததில் பதினொரு படங்கள் மூலை வரை தெளிவு. ஒன்றில் முன்னால் நின்ற பூநாரையின் மஞ்சள் கண்கூடத் தெரிகிறது. வீட்டுக்கு வந்து அதையே எத்தனை தரம் பார்த்தேனோ!

தொல்லை முழுக்கப் போனையும் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் கண்வில்லையையும் இணைக்கும் துண்டில்தான். கொழும்பிலிருந்து தபாலில் எடுப்பித்தது அளவு சேரவில்லை, காசும் திரும்பவில்லை. பிறகு வவுனியாவில் ஒரு ஹாட்வெயார் கடையில் 63இலிருந்து 50 மில்லிமீற்றருக்கு ஒடுங்கும் பிவிசி துண்டு வாங்கி, போன் உறையின் முதுகில் ஒட்டினேன். கேட்டால் வெட்டுத் துண்டுகளும் தருவார்கள், முழு பைப் வாங்கத் தேவையில்லை.

உயிரே போனுக்கும் கண்வில்லைக்கும் நடுவிலான இடைவெளியில்தான் இருக்கிறது. கண்வில்லையை விட்டு வெளிவரும் ஒளி ஒரு சின்னப் பொட்டாக ஒடுங்கும் இடத்தில் போனின் வில்லை சரியாக நிற்க வேண்டும். என் தொலைநோக்கியின் முகவில்லை, அதாவது முன்பக்க வில்லை, 65 மில்லிமீற்றர். 20 மடங்கு பெருப்பித்தால் அந்தப் பொட்டு மூன்றேகால் மில்லிமீற்றர், 60 மடங்கில் ஒன்றைச் சற்றே தாண்டும். அதனால் நான் 20ஐ விட்டு அசைவதில்லை. பழைய பாட்டாச் செருப்பை இரண்டு மில்லிமீற்றர் வளையங்களாக அறுத்து ஐந்தை உள்ளே அடுக்கினேன். ஐந்திலும் கருப்பு, நான்கிலும் கருப்பு. மூன்றாக்கியதும் வட்டம் விரிந்தது, ஆனால் ஒரு பக்கம் நிழல். குழாயைச் சுற்றி மூன்று ஸ்குரூ ஆணி போட்டு, கால் சுற்று கால் சுற்றாக முறுக்கித்தான் போனை நடுவுக்குக் கொண்டுவந்தேன். இதற்கே இரண்டு இரவு போனது.

வாடைக் காற்றுக்கு முக்காலியின் நடுவில் மண் நிரப்பிய பையைத் தொங்கவிடுங்கள். இரண்டு விநாடி தாமதத்தில் படம் எடுங்கள். எட்டு மணிக்குப் பிறகு கானல் எழும்பினால் எந்த வில்லையும் உதவாது.

அன்று நின்றவை எல்லாம் பெரும் பூநாரை. சிறியதாக, சாம்பல் நிறத்தில் ஒன்று நிற்க, சிறு பூநாரையோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. படத்தைப் பெருப்பித்தால் அலகு சாம்பல், நுனி கறுப்பு: பெரும் பூநாரையின் குஞ்சுதான். சிறு பூநாரை என்றால் அலகு முழுக்கக் கடும் நிறமாகத் தெரிந்திருக்கும். உலகில் உள்ள ஆறு இனங்களில் உடம்பால் மிகச் சிறியது அது, நுண்ணிய பாசியை வடித்து உண்பது. நம்முடையவை புழு, கூனி, சிறு சிப்பி தேடுபவை. ஒன்று நின்ற இடத்திலேயே காலால் சேற்றை மிதித்து மிதித்து வட்டமாகச் சுற்றி, தலையைக் கவிழ்த்து வடித்துக்கொண்டிருந்தது. நாக்கு தண்ணீரை இழுத்துத் தள்ள, அலகின் ஓரச் சீப்பில் இரை தங்கும். அதை வீடியோவாக எடுத்தது எனக்குப் பெரிய சந்தோசம்.

வலை காயப்போட்டுக்கொண்டிருந்த தம்பி ஒருவர், "அண்ணை, இறங்கிக் கிட்டப் போகாதேங்கோ, எழும்பிடும்" என்றார். நூறு வீதம் சரி. ஓடி ஓடி எழும்பும் பறவை அது, ஒவ்வொரு எழும்பலும் தின்ற தீனியைக் கரைக்கும். 2010இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இந்த இடத்தில் படத்துக்காகக் கூட்டத்தைக் கலைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

மாசியில் சுண்டிக்குளம் போக நினைத்திருக்கிறேன். அங்கே காலில் அடையாள வளையம் போட்ட பறவை ஒன்றாவது அகப்பட்டால் வளையத்தில் உள்ள எழுத்தை வாசித்துப் பார்க்க ஆசை. அதற்குமுன் குழாயின் உட்புறத்துக்கு மினுக்கமில்லாத கறுப்பு பெயின்ற் அடிக்க வேண்டும். வெயில் பக்கவாட்டில் விழுந்தால் வெள்ளை பிவிசி இன்னமும் மினுங்குகிறது.