குன்னூரில் பத்து நிமிடங்கள்

குன்னூரில் தேயிலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர்க் கிடங்குகளுக்கு இறங்கும் லாரியை 19 ஆண்டுகள் ஓட்டியிருக்கிறேன். இப்போது அதே வழியில் ஓட்ட வரும் இளைஞர்களுக்கு, வண்டியைப் பரிசோதித்துக் கிளப்பும் முறையைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பிரேக் கோளாறு பெரும்பாலும் குன்னூரில் வண்டி நிற்கும்போதே இருக்கிறது என்பதையும், அது நம் காலுக்குத் தெரியவரும் இடம்தான் இறங்கும் வழியிலுள்ள பர்லியாறு என்பதையும் அவர்களிடம் முதல் நாளிலேயே சொல்லிவிடுவேன்.

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையடிவாரத்திலுள்ள மேட்டுப்பாளையம் 325 மீட்டர் அளவில் இருக்கிறது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தை 35 கிலோமீட்டருக்குள் இறங்கிவிடுகிறோம். சுமையும் வண்டியும் சேர்ந்து 15 டன் இருந்தால், அந்த இறக்கத்தில் வெளிப்பட வேண்டிய ஆற்றல் சுமார் 6 லிட்டர் டீசலை எரித்தால் கிடைக்கும் வெப்பத்துக்குச் சமம் என்று, கல்லூரியில் இயற்பியல் படித்த என் மகள் ஒருநாள் கணக்குப் போட்டுக் காட்டினாள். அந்த வெப்பத்தின் பெரும்பகுதி எஞ்சின் வழியாகப் போக வேண்டும். கியரைக் குறைத்து எஞ்சினின் பிடிமானத்தில் இறங்காமல் காலையே நம்பி இறங்குகிறவர், அவ்வளவு வெப்பத்தையும், சக்கரங்களோடு சேர்ந்து சுழலும் பிரேக் டிரம்களின் தலையில் சுமத்துகிறார். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று மூத்த ஓட்டுநர்கள் காலங்காலமாகச் சொல்லிவருவதன் பொருள், அந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

நான் ஓட்டத் தொடங்கிய நான்காம் ஆண்டில், காட்டேரிப் பூங்காவைத் தாண்டிச் சில வளைவுகள் இறங்கியிருந்தோம். கிளீனராக வந்த பையன் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டு, “தீயுற வாசம் அடிக்குதுங்கண்ணா” என்றான். முன்னால் போகும் பேருந்தின் வாசமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு மேலும் இரண்டு வளைவுகளை இறங்கினேன். மூன்றாவது வளைவில் பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போயிற்று. வண்டி நின்றது, ஆனால் நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. மலைச்சரிவை ஒட்டி ஓரங்கட்டிச் சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். பின்பக்க இடது டிரம்மிலிருந்து மெல்லிய நீலப் புகை எழுந்துகொண்டிருந்தது. ஓர் அடி தள்ளிப் பிடித்த உள்ளங்கையிலேயே அனல் அடித்தது. அருகில் ஓடிய ஓடைத் தண்ணீரைப் பையன் பக்கெட்டில் மொண்டு வந்துவிட்டான். ஊற்றவிடாமல் தடுத்தேன். அவ்வளவு சூட்டில் தண்ணீர் பட்டால் வார்ப்பிரும்பு டிரம் விரிசல் விட்டுவிடும். முக்கால் மணி நேரம் காத்திருந்து, தானாக ஆறிய பிறகு, வைத்த கற்களையெல்லாம் சாலையை விட்டு அகற்றிவிட்டுக் கிளம்பினோம். (கல்லைச் சாலையிலேயே விட்டுவிட்டுப் போகும் வழக்கத்தை என்னால் மன்னிக்கவே முடிவதில்லை, இரவில் பின்னால் இரு சக்கர வண்டியில் வருகிறவருக்கு அது எமன்.)

பணிமனையில் பிரித்துப் பார்த்தபோது வலது சக்கரத்தின் ஸ்லாக் அட்ஜஸ்டர், அதாவது பிரேக்கின் இடைவெளியைச் சரிசெய்யும் கை, மிகவும் தளர்ந்து கிடந்தது. வலது பிரேக் பிடிக்காததால் இடது பிரேக்கே எல்லாச் சுமையையும் இழுத்திருக்கிறது. டிரம் சூடானால் விரிந்து, அதை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் லைனிங்கிலிருந்து விலகும். அந்த இடைவெளியை ஈடுகட்ட, காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக் சேம்பரின் புஷ் ராடு (பிரேக்கைத் தள்ளும் தண்டு) இன்னும் அதிக தூரம் நகர வேண்டும். குளிர்ந்திருக்கும்போதே அது முக்கால்வாசித் தூரம் நகர்ந்துதான் பிடிக்கிறது என்றால், சூடான பிறகு நகர மிச்சம் இருக்காது. அதனால்தான் சமதளத்தில் சரியாக நின்ற வண்டி மலையில் நிற்பதில்லை.

அந்த வண்டிக்குப் பத்து வாரங்களுக்கு முன்புதான் எஃப்.சி. (தகுதிச் சான்றிதழ்) எடுத்திருந்தார்கள். லைனிங்கை மாற்ற வேண்டும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன், அடுத்த எஃப்.சி.யின்போது பார்த்துக்கொள்ளலாம் என்று உரிமையாளர் தள்ளிப்போட்டார். எட்டு ஆண்டுகள் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுக்கு ஒரு முறை எஃப்.சி. என்பது சட்டம். அந்தச் சான்றிதழ் சோதனை நடந்த நாளின் நிலையைத்தான் சொல்லும். வாரத்துக்கு நான்கு முறை மலையிறங்கும் வண்டியின் பத்தாவது வாரத்துக்கு அது பொறுப்பேற்காது. இதைப் புரிந்துகொள்ளாத உரிமையாளரிடம் வேலை பார்ப்பதைவிட வேலையை விடுவது நல்லது என்று அன்று முடிவு செய்தேன். மூன்று மாதங்களில் விட்டும்விட்டேன்.

இப்போது நான் சொல்லிக்கொடுக்கும் சோதனைக்குக் குன்னூரில் பத்து நிமிடங்கள் போதும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்திக் கட்டை வைத்து, ஏர் டேங்குகளின் அடியிலுள்ள வால்வைத் திறந்து தேங்கிய தண்ணீரை வடித்துவிட வேண்டும். ஏர் மீண்டும் முழுமையாக ஏறியதும், எஞ்சினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, பெடலை அழுத்திப் பிடித்தபடி ஏர் மீட்டரின் முள்ளை ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். முள் நகர்ந்துகொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது. எஞ்சின் ஓசை இல்லாததால் அந்தச் சீறல் காதிலேயே விழும். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் கீழே குனிந்து ஒவ்வொரு சக்கரத்தின் புஷ் ராடும் எவ்வளவு நகர்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இதில் முக்கியம். புதிய வண்டிகளில் தானே சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் வருகிறது. அதையும் பார்க்கத்தான் சொல்கிறேன். தானே இயங்குவது தானே பழுதாகவும் செய்யும். டயர், வீல் நட், பட்டா (ஸ்பிரிங் தகடுகள்), விளக்கு ஆகியவற்றை வழக்கம்போல் ஒரு சுற்று வந்தால் முடிந்துவிடும்.

இறங்கும் வழியில் பர்லியாற்றில் தேநீருக்கு நிற்கும்போது, டிரம்களின் அருகே கையைக் கொண்டுபோய், தொடாமல், சூட்டை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன். எல்லாம் ஒரே அளவு சூடாக இருந்தால் பிரேக் சமமாகப் பிடிக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை. ஒன்று மட்டும் கொதித்தால் அது மற்றவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

இவற்றை எழுதிவைக்க ஒவ்வொரு வண்டியிலும் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. போன மாதம் ஒரு பையன் எழுதியிருந்தான்: “பர்லியாறு. பின் வலது குளிர்ச்சி. மேலே போகும் வண்டியில் மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பினேன். வண்டி இங்கேயே நிற்கிறது.” லோடு அன்று நான்கு மணி நேரம் தாமதமாகக் கோவைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பக்கத்தின் கீழே தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.