பேரரசருக்குப் பக்கத்தில் ஒரு ராஜா

மதியம் சாப்பிட்டுவிட்டு சும்மா போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு பழைய சுவரோவியம் கண்ணில் பட்டது. வடக்கு மாசிடோனியாவில் இருக்கும் ப்சாச்சா தேவாலயம். அக்கம்பக்கமாக இரண்டு பேர், இருவர் தலையிலும் கிரீடம்.

ஒருவர் செர்பியப் பேரரசர் ஐந்தாம் உரோஷ். சரி, மற்றவர்?

வுகாஷின். அரச வம்சமே இல்லை, மிர்ன்யாவ்செவிச் குடும்பத்துப் பிரபு. உரோஷின் அப்பா துஷான் காலத்தில் பிரிலெப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர். 1355இல் துஷான் போனபிறகு மகனால் பிரபுக்களைக் கட்டி மேய்க்க முடியவில்லை, வாரிசும் இல்லை, அந்த இடைவெளியில் 1365இல் இவர் துணை அரசராகவே முடிசூடிக்கொண்டார். தம்பி உக்லேஷாவுக்கு செரெஸ் பகுதி. அரசவையில் வேலை பார்த்த குடும்பம் அரசவையையே கையில் எடுத்துக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1371 செப்டம்பர் 26, மரிட்சா ஆற்றங்கரை. ஒட்டோமான் துருக்கியர் படையிடம் அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே நாளில் காலி.

உரோஷ் இறந்தது அதே வருடம் டிசம்பரில். ஆனாலும் வுகாஷின்தான் அவரைக் கொன்றார் என்று ஊர் பல நூற்றாண்டுகளாக நம்பியது! செத்து இரண்டு மாதம் கழித்து எப்படிக் கொல்வார் என்று யாரும் கேட்கவில்லை போல.

அப்புறம் வுகாஷின் மகன் மார்கோ. ஒட்டோமான்களுக்குக் கப்பம் கட்டி, 1395இல் ரோவினே போரில் அவர்கள் பக்கம் நின்றே செத்தவர். நாட்டார் பாடல்களிலோ அவர்தான் பெரிய வீரர், துருக்கியரை ஓட ஓட விரட்டுகிறார்.

அப்பாவுக்குக் கொலைப்பழி, மகனுக்கு வீரப்பட்டம். இரண்டையும் கட்டிவிட்டது ஒரே ஊர்தான்.