முடிக்கு மாதத் தவணை

"முடி எக்ஸ்டென்ஷன் வைக்க எவ்வளவு ஆச்சு?" என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் 24,000 ரூபாய் என்று சொல்லிவிடுவேன். இப்போது, "வைக்கவா, வச்சுக்கிட்டு இருக்கவா?" என்று திருப்பிக் கேட்கிறேன். இரண்டுக்கும் கணக்கு வேறு.

டெங்கு வந்து போன சில மாதங்களில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. காய்ச்சலுக்குப் பிறகு இப்படி ஆவது சகஜம், தானாக வளரும் என்றார் தோல் மருத்துவர். வளரத்தான் செய்தது, ஆனால் அதன் வேகத்தில். அதுவரை எலிவால் சடையோடு திரிய எனக்கு மனசில்லை. வாங்கிய முடியைச் சொந்த முடியோடு இணைக்கும் எக்ஸ்டென்ஷனில் டேப் வகையைத் தேர்ந்தெடுத்தேன். நம் முடியில் மெல்லிய கற்றை ஒன்றைப் பிரித்து, வாங்கிய முடி கோத்த பசைப் பட்டையைக் கீழே ஒன்று, மேலே ஒன்று வைத்து அழுத்தி ஒட்டுவார்கள். தலை முழுக்க இப்படி இருபது ஜோடி.

தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடவே வளரும். அது வளர வளர ஒட்டிய பட்டையும் கீழே இறங்கும். இரண்டு மாதத்தில் ஓர் அங்குலம் இறங்கி, சீப்பில் தட்டும், அசைந்தால் வெளியே தெரியும், வேரையும் இழுக்கும். அதனால் கழற்றி, பழைய பசையை எடுத்து, புது டேப் போட்டு மேலே ஏற்ற வேண்டும். நான் போகும் பார்லரில் இதற்கு 4,500 ரூபாய். வருஷத்தில் ஐந்து முறை என்றால் 22,500. முடி வாங்கிய விலை கிட்டத்தட்ட இதிலேயே வந்துவிடுகிறது.

முதல் முறை கழற்றும்போது பயந்துவிட்டேன். ஸ்பிரிட் வாடை அடிக்கும் ஏதோ ஒன்றைப் பட்டையின் ஓரத்தில் தெளித்து, நகத்தால் நெம்பிப் பிரித்தாள் பார்லர் பெண். இரண்டு பட்டைக்கும் நடுவிலிருந்து என் முடி சிறு சிறு கற்றையாக வந்தபடியே இருந்தது. மடியில் விரித்த துண்டு கருத்துப்போனது. "பயப்படாதீங்கக்கா, இது தினம் கொட்ட வேண்டிய முடிதான். விழ வழியில்லாம டேப்புக்குள்ளயே மாட்டிக்கிச்சு," என்றாள். நியாயம்தான். சராசரி மனிதத் தலையிலிருந்தே தினம் ஐம்பது முதல் நூறு முடி உதிரும். இரண்டு மாதச் சரக்கை ஒரே நாளில் பார்த்தால் வயிற்றைக் கலக்காதா?

அப்புறம் சில்லறைச் செலவுகள். உச்சந்தலையில் ஊறும் எண்ணெய் ஒட்டிய முடிக்கு இறங்கிவராது, அதனால் சீக்கிரம் வறண்டு சிக்குப் பிடிக்கும். சல்ஃபேட் இல்லாத ஷாம்பு, நுனிக்கு மட்டும் கண்டிஷனர், சீரம் என்று மாதம் 800 ரூபாய் போய்விடுகிறது. எங்கள் தாம்பரம் போர் தண்ணீர் உப்பு. கடைசி இரண்டு குவளைக்குக் கேன் தண்ணீர்தான் (இதை மாமியார் பார்க்காதபடி ஊற்றிக்கொள்கிறேன்). ஸ்கூட்டர் ஹெல்மெட் இன்னொரு எதிரி. உள்ளே வியர்த்து, பின்னந்தலைப் பட்டைகள்தான் முதலில் நழுவும்.

காசுக்கு வெளியே ஒரு பெரிய செலவு, எண்ணெய்க் குளியல். எண்ணெய் பட்டால் டேப் பசை இளகிவிடும். வெள்ளிக்கிழமைக் குளியல் போயே போச்சு. தீபாவளியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பண்டிகைக்கு முந்தின நாள் கழற்றுகிறேன், விடிகாலையில் அம்மா கையால் நல்லெண்ணெய் வைத்துச் சீயக்காய் போட்டுக் குளிக்கிறேன், மறுநாள் மறுபடி ஒட்டப் போகிறேன். பார்லரில் அந்த வாரம் இடம் கிடைக்க ஒரு மாதம் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

அம்மாவுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "வாங்குன முடிக்கு வட்டியா கட்டிக்கிட்டு இருக்க" என்கிறாள். பாட்டியின் சவுரி அவள் பேச்சில் அடிக்கடி வரும். சீப்பில் வந்த முடியைச் சுருட்டிச் சுருட்டி ஓட்டிடுக்கில் சேர்த்து, சவுரி கட்டுபவரிடம் கொடுத்து முடிந்துகொண்டதாம். சீயக்காயில் அலசி நிழலில் உலர்த்தினால் சரி, வருஷக்கணக்கில் வந்தது. எனக்கு விற்றவர் இது கோயில் முடி என்றார். திருப்பதி, பழனி, திருத்தணி என்று மொட்டை போடும் இடங்களில் சேரும் முடி ஏலத்துக்குப் போவது தெரிந்ததுதான். வேரிலிருந்து நுனிவரை ஒரே திசையில் இருப்பதால் சிக்கு குறைவு, விலை அதிகம். "சும்மா கொடுத்ததை நாமளே காசு கொடுத்து வாங்குறோம்" என்று அதற்கும் அம்மா ஒரு போடு போட்டாள்.

முழுக் கணக்கு இதுதான்: முடிக்கு 24,000, ஏற்றி ஒட்ட 22,500, ஷாம்பு வகையறா 9,600. மொத்தம் 56,100, அதாவது மாதம் 4,675 ரூபாய். கேன் தண்ணீர், ஆட்டோ, அரை நாள் விடுப்பு இதில் சேரவில்லை. ஒரு வருஷத்தில் நுனி செம்பட்டையாகி வைக்கோல் ஆகிவிடும், மறுபடி 24,000. இதை விற்பவர் யாரும் சொல்வதில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும்: மறுபடி ஒட்ட எவ்வளவு, கழற்ற மட்டும் தனிக் காசா, இந்த முடியை எத்தனை முறை ஒட்டலாம்.

எனக்குத் தையில் கொழுந்தனார் கல்யாணம் இருக்கிறது, அதுவரை டேப்தான். சொந்த முடியும் இப்போது தோளைத் தாண்டிவிட்டது. அதற்கப்புறம் விசேஷத்துக்கு மட்டும் மாட்டிக் கழற்றும் கிளிப் வகை போதும் என்று விலை விசாரித்து வைத்திருக்கிறேன். 9,000 சொல்கிறார்கள், பேசினால் குறைப்பார்கள்.