பாம்பன் ஏற்றத்தில் நின்ற பழைய எஃப்.சி. வண்டி

எங்கள் கடற்கரையில் மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. தொண்டியில் ஆரம்பித்து தேவிபட்டினம், உச்சிப்புளி, மண்டபம் என்று போனால் டாப் கியரில் போட்ட வண்டியை ஊர் குறுக்கிட்டால்தான் மாற்ற வேண்டும். இருக்கிற ஒரே ஏற்றம் பாம்பன் பாலம். அடியில் கப்பல் போக வேண்டுமென்று, 1988-ல் திறந்த அந்த ரோட்டுப் பாலத்தை நடுவில் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். வண்டியின் நோவு எதுவானாலும் அங்கே போனால் தெரிந்துவிடும்.

எனக்கும் அங்கேதான் தெரிந்தது. தங்கச்சிமடத்தில் கருவாட்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம் கிளம்பியிருந்தேன். ஏற்றத்தில் பாதி தாண்டியதும் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. செகண்டுக்கு மாற்றினேன். பின்னால் சைலன்சரில் 'டமார்' என்று ஒரு வெடி. புது ரயில் பாலத்தைப் படமெடுக்க நின்றிருந்தவர்கள் செல்போனை அப்படியே என் பக்கம் திருப்பினார்கள். ஃபர்ஸ்ட் கியரில் ஊர்ந்து உச்சியைத் தாண்டினேன். இறக்கத்தில் காலை எடுத்தவுடன் இன்னும் இரண்டு வெடி. மண்டபத்தில் டீக்கடை ஓரமாக நிறுத்தியபோது கையெல்லாம் நடுங்கியது.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மஹிந்திரா எஃப்.சி. 150, பெட்ரோல். பழைய ஜீப்பில் வந்த அதே ஹரிக்கேன் இன்ஜின், நாலு சிலிண்டர், 2.2 லிட்டர். எஃப்.சி. என்றால் ஃபார்வர்டு கண்ட்ரோல், அதாவது மூக்கில்லாத வண்டி. இன்ஜின் கேபினுக்குள்ளேயே, டிரைவருக்கு இடது பக்கம், ஒரு தகரப் பெட்டிக்கு அடியில் இருக்கும். கோடையில் இடது தொடை வெந்துவிடும். இதே மாதிரி வண்டி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக டீசல் இன்ஜினுக்கு மாறிய காலத்தில் அப்பா மட்டும் மாற மறுத்துவிட்டார். ஏன் என்று கேட்டால் "அது சத்தம்பா" என்பார். இப்போது லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டு அது என் தலையில்.

டீக்கடையிலேயே வைத்தியம் ஆரம்பித்துவிட்டது. பார்த்த எல்லாரும் கார்புரேட்டர் என்றார்கள். நானும் நம்பினேன். அதில் பாதி உண்மையும் இருந்தது, அதுதான் என்னை இரண்டு வாரம் சுற்றவிட்டது.

கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் டேங்கில் இருந்த பெட்ரோலில் கொஞ்சம் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க அசையாமல் வைத்தேன். காலையில் அடியில் விரல் தடிமனுக்குக் கலங்கலாக ஒரு தட்டு, மேலே தெளிந்த பெட்ரோல். பாட்டிலைச் சாய்த்தால் இரண்டும் தனித்தனியாக ஓடின. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் தாங்காமல் தண்ணீரோடு பிரிந்து அடியில் இறங்கிவிடும். கடலோரத்தில், மீன்பிடித் தடைக்காலம் முழுக்க ஓடாமல் கால் டேங்க் பெட்ரோலோடு நின்ற வண்டிக்கு வேறென்ன ஆகும்? ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள். டேங்கில் பல வருஷமாக ஒட்டிக்கிடந்த துருவையும் எத்தனால் கிளப்பிவிட்டிருந்தது. ஃபில்டரைத் தட்டினால் செங்கல் பொடி மாதிரி கொட்டியது.

டேங்கை இறக்கிக் கழுவினேன். டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் ஏ.சி. பம்பின் டயாஃப்ரம் உப்பிப் போயிருந்தது, மாற்றினேன். சோலெக்ஸ் கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் சின்னத் துளையான மெயின் ஜெட்டில் துருத்துணுக்கு ஒன்று குறுக்கே உட்கார்ந்திருந்தது. ஜெட்டைக் கம்பியால் குத்தக்கூடாது, துளை பெரிதாகிவிடும். வாயால் ஊதி, தின்னரில் ஊறவைத்து, காற்றடித்தேன். கிட், டயாஃப்ரம், ஃபில்டர் எல்லாம் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம்.

மாட்டி ஓட்டியபோது ஒரு வித்தியாசம் தெரிந்தது. முன்பு ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்தால் என் இடது முழங்கைக்குப் பக்கத்தில், பெட்டிக்குள், 'புஸ்க்' என்று ஒரு தும்மல் வரும். அது நின்றுவிட்டது. ஆனால் பாலத்தில் இழுவை இல்லை, பின்னால் வெடியும் நிற்கவில்லை. அதாவது இத்தனை நாள் நான் ஒரே வெடி என்று நினைத்தது ஒன்றே அல்ல. பெட்ரோல் போதாமல் கலவையில் காற்று கூடிப்போனால் அது மெதுவாக எரியும். இன்டேக் வால்வு அடுத்த முறை திறக்கும்போதும் உள்ளே தீ மிச்சமிருந்தால் கார்புரேட்டர் வழியாகத் திருப்பி அடிக்கும். அது முன்வெடி. சைலன்சரில் அடிப்பது பின்வெடி, அதற்குக் காரணம் வேறிடத்தில்.

இதை எனக்கு முதலில் கேள்வியாகக் கேட்டவர் உச்சிப்புளிப் பக்கம் ஒரு பெரியவர். தனுஷ்கோடிக்கு மணலில்தான் போக வேண்டும் என்றிருந்த காலத்தில் அங்கே ஓடிய ஜீப்புகளைப் பார்த்தவர். வண்டியைத் தொடவே இல்லை. "தம்பி, வெடி முன்னாலயா பின்னாலயா? ஏறுறப்பவா இறங்குறப்பவா? காலைலயா மத்தியானமா?" என்று மூன்று கேட்டார். முதல் கேள்விக்கே நான் முழித்தேன். ஆனால் அவர் சொன்ன முடிவும் தப்பு. எக்ஸாஸ்ட் வால்வு கருகியிருக்கும், ஹெட்டை இறக்கு என்றார். இறக்குவதற்கு முன் கம்ப்ரஷன் பார்த்துவிடலாம் என்று கேஜ் வாங்கி வந்து மாட்டினேன். 115, 110, 115, 110. வால்வு நன்றாகவே இருந்தது. அவரிடம் சொன்னபோது சிரித்துவிட்டு, "அப்ப கரண்டு பக்கம் பாரு" என்றார்.

கரண்டு பக்கம் போனதும் நானே ஒரு வம்பை இழுத்துக்கொண்டேன். பிளக் ஒயர் நான்கையும் ஒரே நேரத்தில் பிடுங்கித் துடைத்தேன். எந்த ஒயர் எங்கே என்று குறித்துக்கொள்ளவில்லை. சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை, அதாவது ஃபயரிங் ஆர்டர், 1-3-4-2 என்றுதான் தெரியுமே என்ற தைரியம். பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் கடிகார முள் போகிற திசையிலேயே வரிசையாகச் செருகினேன். ஸ்டார்ட் செய்ததும் வண்டி கிடுகிடுவென்று ஆடி, கார்புரேட்டர் வழியாக ஒரு அடி அடித்தது பாருங்கள், ஏர்க்ளீனர் மூடி எகிறி என் மடியில் விழுந்தது. இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டர் எதிர்த்திசையில் சுற்றும். என் வரிசையில் 2-ம் 3-ம் இடம் மாறிப்போயின. பாதி இன்ஜின் ஓட, மீதிப் பாதி திறந்த வால்வுக்குள் பொறியைப் போட்டுக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஒரு ஒயரைக் கழற்றினால் அதைத் திருப்பி மாட்டாமல் அடுத்ததைத் தொடுவதில்லை.

பெரியவரின் மூன்றாவது கேள்விக்கு ராத்திரியில் பதில் கிடைத்தது. கடல்காற்று அடிக்கும் நாள். வாசல் விளக்கை அணைத்துவிட்டு, பெட்டி மூடியைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல் நீலநிறத்தில் மெல்லிய பொறி, பூரான் மாதிரி ஊர்ந்து ஊர்ந்து போனது. ஒரு ஒயரிலிருந்து பக்கத்து இரும்புக்கும் ஒரு தாவல். உப்புப் படிந்து, அதன் மேல் ராத்திரி ஈரமும் சேர்ந்தால் பிளக்குக்குப் போக வேண்டிய பொறி மூடியின் மேலேயே வழி பிடித்துக்கொள்கிறது. வெயில் ஏறினால் காய்ந்து சரியாகிவிடும். காலையில் மட்டும் வண்டி மிஸ் அடித்தது அதனால்தான். நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்துப் பார்த்தால் உள்ளே மயிரிழை மாதிரி ஒரு கரிக்கோடு. மூடியையும் ஒயர்களையும் புதிதாகப் போட்டேன். கரண்டை விட்டுவிட்டுத் துண்டித்துப் பொறியை உண்டாக்கும் பாயிண்டின் முகத்தில் குழியும் மேடும் விழுந்திருந்தன, அதனால் பாயிண்டையும் கண்டென்சரையும் சேர்த்தே மாற்றினேன். இடைவெளி அரை மில்லிமீட்டர், ஃபீலர் கேஜ் லேசாக உரசிப் போகிற மாதிரி.

காலை மிஸ்ஸிங் போயிற்று. பாலத்தில் இழுவை? இல்லை.

இந்த இடத்தில் நான் வெறுத்துப்போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பழைய இரும்பு விலை கேட்க ஆள் வந்தார், அப்பா திண்ணையிலிருந்தே அவரை அனுப்பிவிட்டார்.

பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, அதற்குள் மூன்று பேர் பார்த்திருந்தார்கள். மூன்று பேரும் டெஸ்ட் லாம்ப் வைத்து, இன்ஜினை நிறுத்தியபடி, சரியாக 5 டிகிரியில் வைத்தார்கள். அவர்கள் வைத்ததில் ஒரு குறையும் இல்லை. ஓடும்போது என்ன ஆகிறது என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. பாலிடெக்னிக்கில் வேலை பார்க்கும் என் மச்சான் பொறி விழும்போதெல்லாம் மின்னுகிற டைமிங் லைட் ஒன்று கொண்டுவந்தார். புல்லியில் உள்ள கோட்டில் சுண்ணாம்பு தடவினோம். லைட்டைக் காட்டினால் ஐடிலில் கோடு குறிக்கு நேராக, செதுக்கி வைத்த மாதிரி நின்றது. "இப்ப ஏத்துங்க மாப்ள" என்றார். ஆக்சிலேட்டரைக் கொடுத்தேன். இன்ஜின் அலறியது. கோடு நின்ற இடத்திலேயே நின்றது.

நகர வேண்டும். வேகம் ஏற ஏறப் பொறியும் முந்திக்கொண்டே போக வேண்டும், இருபது டிகிரி போல. பெட்ரோல் எரிய எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறக்குறைய அதேதான், பிஸ்டனுக்குத்தான் அவசரம் கூடுகிறது. அதற்காக டிஸ்ட்ரிபியூட்டருக்குள், பாயிண்ட் தட்டுக்கு அடியில், இரண்டு எடைகளும் இரண்டு ஸ்பிரிங்கும் இருக்கின்றன. சுற்றும் வேகத்தில் எடைகள் விரிந்து பாயிண்டைத் திறக்கும் காமை முன்னால் தள்ளும். எங்கள் வண்டியில் வாக்வம் வைத்து முந்தவைக்கிற ஏற்பாடு கிடையாது, எல்லாம் இந்த எடைகள் பாடுதான்.

இன்ஜினை அணைத்து, மூடியைக் கழற்றி, மச்சான் ரோட்டரை விரலால் பிடித்து அது சுற்றும் திசையில் திருகிப் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து, விட்டதும் ஸ்பிரிங்கில் திரும்பி வர வேண்டும். சுவரில் அடித்த ஆணி மாதிரி இருந்தது. இரண்டு வாரமும் மூவாயிரமும் போன பிறகு, காசு செலவில்லாமல் ஒரு விரலில் தெரிந்தது.

தட்டைத் தூக்கினால் அடியில் எடைகள் தெரியவில்லை, துருவும் காய்ந்த கிரீஸும் சேர்ந்து ஒரு பழுப்புக் கட்டியாகக் கிடந்தது. ஆளைப் பார்த்து வீசுகிற உப்புக்காற்று மூடியில்லாத அடிப்பக்கம் வழியாக இன்ஜின் பெட்டிக்குள்ளும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ரோட்டரைக் கழற்றினால் ஷாஃப்ட்டின் நடுவில் ஒரு சின்னக் கம்பளித் திரி இருக்கும். அதில் அவ்வப்போது இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் காமுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே இறங்கும். எங்கள் வண்டியில் அந்தத் திரி கருவாடாகவே ஆகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைத்து, பொடி உப்புத்தாளால் தேய்த்து, எடைகள் இரண்டும் தம் முளையில் தானாக ஆடும்வரை விடவில்லை. ஸ்பிரிங் இரண்டும் நன்றாக இருந்தது அதிர்ஷ்டம். அவை போயிருந்தால் மதுரையில் பழைய சாமான் கடை கடையாக ஏறியிருக்க வேண்டும்.

முந்தாமல் பிந்தியே பொறி விழுந்ததால்தான் ஏற்றத்தில் இழுவை போனது. பிஸ்டன் இறங்க ஆரம்பித்த பிறகும் எரிந்துகொண்டிருக்கும், அந்தத் தள்ளல் வீண். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் தீ அணைந்திருக்காது, அது சைலன்சர் பக்கம் போய்விடும். இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டு சாயங்கால வெளிச்சத்தில் மங்கலாகச் சிவந்து தெரிந்ததை முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். வெயில்காலம், பழைய வண்டி என்று விட்டுவிட்டேன். போன வருஷம் ஒருவர் காதால் கேட்டே டிஸ்ட்ரிபியூட்டரை முன்னால் திருப்பி வைத்ததும், அப்போது பாலத்தில் நன்றாக ஏறியதும், ஆனால் ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் ஸ்டார்ட்டரைத் திருப்பி உதைத்ததும் நினைவுக்கு வந்தது. அதற்குப் பயந்து நான்தான் மறுபடி 5-க்குக் கொண்டுவரச் சொன்னேன்.

மாட்டிவிட்டு மறுபடி லைட் காட்டினோம். ஆக்சிலேட்டரைக் கொடுத்ததும் சுண்ணாம்புக் கோடு வழுக்கிக்கொண்டு மேலே போனது, விட்டதும் இறங்கி வந்து குறிக்கு நேராக நின்றது. மச்சானும் நானும் சிறுபிள்ளை மாதிரி அதையே பத்துத் தடவை செய்து பார்த்தோம்.

மறுநாள் அதே கருவாட்டு லோடு. அப்பா தானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டார். பாலத்தில் பாதிவரை டாப்பிலேயே போயிற்று, அப்புறம் செகண்ட். உச்சிவரை ஒரு சத்தம் இல்லை. இறக்கத்தில் காலை எடுத்தபோது மட்டும் சின்னதாக ஒரு 'டப்'. அது மேனிஃபோல்டும் பைப்பும் சேரும் இடத்தில் கேஸ்கெட் ஊதியிருப்பதால், அந்த வழியாகக் காற்று உள்ளே இழுத்து, மிச்சப் பெட்ரோல் பைப்பில் பற்றிக்கொள்கிறது. ஏறும்போது வெடித்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

"இன்னும் இருக்குல்ல?" என்றார் அப்பா.

"கேஸ்கெட்டுக்கு மதுரையில சொல்லியிருக்கேன்ப்பா."

"சரி, மண்டபத்துல டீக்கு நிறுத்து."