பத்து யார்டு

செப்டம்பர் 16, 2023, சனி

டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் அரங்கமான ஃபோர்டு ஃபீல்டு வாசலில் இன்று, அந்த அணியின் பழைய ரன்னிங் பேக் பாரி சாண்டர்ஸுக்குச் சிலை திறந்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வேலைக்காக மிச்சிகன் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அமெரிக்கக் கால்பந்து மீது எனக்குப் பிடிப்பு வந்ததே இவருடைய பழைய ஆட்டங்களைப் பார்த்துத்தான். இந்த சீசன் முழுக்க அவற்றை மறுபடி பார்த்து இங்கே எழுதி வைக்கப் போகிறேன்.

ரன்னிங் பேக்கின் வேலையைச் சொல்வது சுலபம். ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் கையில் தரும் பந்தை இடுக்கிக்கொண்டு, எதிரணியின் பதினோரு பேரையும் தாண்டி ஓட வேண்டும். பந்தோடு முன்னேறிய தூரத்தை யார்டில் கணக்கு வைப்பார்கள், ஒரு யார்டு மூன்று அடி. முன்வரிசையில் நிற்பவர்கள் நூற்றிருபது, நூற்று முப்பது கிலோ இருப்பார்கள். பாரியின் உயரம் 5 அடி 8 அங்குலம், எடை 92 கிலோ. இந்த உடம்போடு பத்து சீசன் லயன்ஸ் அணிக்கு ஓடினார்.

செப்டம்பர் 24

1994-ல் நியூ இங்கிலாந்து அணிக்கு எதிராக பாரி ஓடிய ஒரே ஓட்டத்தை இன்று இருபது தடவையாவது பார்த்திருப்பேன். கூட்டத்திலிருந்து வெளியே வந்துவிட்டார். எதிரே மிச்சம் ஒரே ஒரு ஆள். பாரி ஒரு பக்கம் தோளைச் சாய்க்கிறார், அந்த ஆளும் அங்கே திரும்புகிறார். உடனே பாரி மறுபக்கம். அந்த ஆள் திரும்பிய வேகத்தில் நிற்க முடியாமல் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடுகிறார். அவர் நிமிர்வதற்குள் பாரி தாண்டிவிட்டார். கை மேலே படவே இல்லை.

படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அவருடைய பலம் வேகத்தைவிட நிற்பதில்தான் இருக்கிறது. மற்றவர்கள் வேகத்தைக் குறைக்க மூன்று அடி எடுத்துக்கொள்ளும்போது இவர் ஒரே அடியில் நின்று, அதே காலை ஊன்றி வேறு திசையில் கிளம்புகிறார். சடுகுடு ஆடியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

அப்புறம், பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டி டச் டவுன் போட்டதும் குதியாட்டம் கிடையாது, பந்தைத் தரையில் அடிப்பது கிடையாது. நடுவரிடம் பந்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடப்பார். அவ்வளவுதான்.

அக்டோபர் 8

பாரி கான்சஸ் மாநிலம் விச்சிட்டாவில் பிறந்தவர், 1968-ல். வீட்டில் பதினோரு பிள்ளைகள். அப்பாவுக்குக் கூரை போடும் தொழில். கோடை விடுமுறையில் பாரியும் கூரை மேல் ஏறி வேலை பார்த்திருக்கிறார். ஓக்லஹோமா ஸ்டேட் கல்லூரியில் இரண்டு வருடம் தர்மன் தாமஸுக்கு மாற்று ஆட்டக்காரராக இருந்தார். முழு வாய்ப்பு கிடைத்த 1988-ல் 11 ஆட்டங்களில் 2,628 யார்டு, 37 டச் டவுன். கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய விருதான ஹைஸ்மன் அறிவிக்கப்பட்டபோது, அணியோடு ஆட டோக்கியோவில் இருந்தார்.

நவம்பர் 5

இதைத்தான் எழுத வேண்டும் என்று முதலிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன்.

1989, தொழில்முறை லீகான என்.எஃப்.எல்-லில் அவருக்கு முதல் சீசன். கடைசி ஆட்டம் அட்லாண்டாவில். அந்த வருடம் லீகிலேயே அதிக யார்டு ஓடியவர் என்ற பட்டத்துக்கு அவருக்கு இன்னும் பத்து யார்டுதான் தேவை. கான்சஸ் சிட்டியின் கிறிஸ்டியன் ஒகோயே 1,480, பாரி 1,470. ஆட்டம் ஏற்கெனவே கைக்கு வந்தாகிவிட்டது. வெளியே நின்ற பாரியிடம் பயிற்சியாளர் வெய்ன் ஃபான்டஸ், உள்ளே போகிறாயா என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டார். பத்து யார்டு அவருக்கு ஓரிரு ஓட்டம். இருபத்தொரு வயதுப் பையன் அதை வேண்டாம் என்றான் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனதுக்குள் என்னவோ செய்கிறது.

நவம்பர் 23, வியாழன்

நன்றி நாள். டெட்ராய்டில் இன்று கட்டாயம் ஆட்டம் உண்டு. கிரீன் பேயிடம் தோற்றோம், 29-22.

ஆலையில் என்னோடு வேலை பார்க்கும் பெரியவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். 1997 சீசனை நேரில் பார்த்தவர். முதல் இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து பாரிக்கு 53 யார்டுதான். வயதாகிவிட்டது என்று ஊரே பேசியதாம். அதற்குப் பிறகு வரிசையாக 14 ஆட்டம், ஒவ்வொன்றிலும் நூறு யார்டுக்கு மேல். சீசன் முடிவில் 2,053.

இரண்டாயிரத்தைத் தாண்டிய டிசம்பர் 21 ஆட்டத்துக்கும் அவர் போயிருக்கிறார். ஆனால் அதைப் பற்றிக் கேட்டதும் அவர் முதலில் சொன்னது ரெஜ்ஜி பிரௌனைப் பற்றித்தான். லயன்ஸின் இளம் தடுப்பாட்டக்காரர். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டு, மூச்சு நின்று, களத்திலேயே வைத்து உயிரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பிறகு நடக்கத் தேறினார், ஆட்டம் மட்டும் முடிந்துபோனது. அன்று அரங்கமே எப்படி அடங்கிப்போனது என்று சொல்லிவிட்டுப் பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

டிசம்பர் 10

1994 ப்ளேஆஃப், அதாவது சீசனுக்குப் பின் தோற்றால் வெளியேறும் சுற்று, கிரீன் பேக்கு எதிராக. பாரி 13 தடவை ஓடி மொத்தம் கழித்தல் ஒரு யார்டு, கிளம்பிய இடத்துக்கும் பின்னால். பத்து நிமிடத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை.

டிசம்பர் 24

மினசோட்டாவை 30-24 என்று ஜெயித்து, லீகில் எங்கள் பிரிவான டிவிஷனின் பட்டம்! இதற்கு முன் கிடைத்தது 1993-ல், பாரி இருந்த அணிக்கு.

ஜனவரி 6, 2024

பான்டியாக் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். பாரி காலத்தில் லயன்ஸ் ஆடிய, எண்பதாயிரம் பேர் உட்கார்ந்த சில்வர்டோம் அரங்கம் இருந்த இடம். 2017-ல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். இப்போது அங்கே அமேசான் கிடங்கு.

1999 ஜூலை 27. பயிற்சி முகாம் தொடங்கும் நேரம். சொந்த ஊர்ப் பத்திரிகையான விச்சிட்டா ஈகிளுக்கு ஒரு ஃபேக்ஸ் வந்தது: பாரி ஓய்வு பெறுகிறார். வயது 31, உடம்பில் பெரிய காயம் எதுவும் இல்லை. அதுவரை ஓடியது 15,269 யார்டு. லீகிலேயே அதுவரை அதிகம் ஓடியிருந்த வால்டர் பேட்டனின் சாதனை 16,726. மிச்சம் 1,457. அதற்கு முந்தைய சீசனில், அவருடைய சுமாரான சீசன்களில் ஒன்றில், ஓடியது 1,491! இன்னும் ஒரே ஒரு வருடம் இருந்திருந்தால் போதும்.

ஒப்பந்தத்துக்காக அணியிடம் வாங்கிய போனஸில் ஒரு பகுதியைத் திருப்பித் தரவும் வேண்டியிருந்தது. இங்கே பலர் வருடக்கணக்கில் அவர் மேல் கோபமாக இருந்தார்கள். எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. 1998-ல் அணி 5 ஜெயித்து 11 தோற்றது. அவருக்கு வழி திறந்துகொடுத்த கெவின் குளோவரை நிர்வாகம் போகவிட்டது. ஜெயிக்க முடியும் என்ற நம்பிக்கை போன பிறகு எண்ணுக்காக மட்டும் ஓட அவருக்கு மனம் வரவில்லை. அட்லாண்டாவில் பத்து யார்டை விட்டவர்தான் 1,457-ஐயும் விட்டார். பேட்டனின் சாதனையை 2002-ல் டல்லாஸ் அணியின் எம்மிட் ஸ்மித் முறியடித்தார்.

ஜனவரி 14, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம். ராம்ஸை 24-23. கடைசி இரண்டு நிமிடம் நின்றபடியே பார்த்தேன்.

ப்ளேஆஃபில் லயன்ஸ் இதற்கு முன் ஜெயித்தது 1992 ஜனவரி 5-ல், சில்வர்டோமில், டல்லாஸை 38-6. பாரியின் பத்து வருடத்தில் அந்த ஒரே ஒரு வெற்றிதான். நாலாவது கால்பகுதியில் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி தெரிந்து, சுழன்று வெளியே வந்து 47 யார்டு ஓடினார்.

பதினோரு மணிக்கு மேல் பெரியவர் போன் செய்தார். குரல் உடைந்திருந்தது. அந்த 1992 ஆட்டத்திலும் அவர் இருந்திருக்கிறார், இரண்டாவது அடுக்கில். இனி ஒவ்வொரு வருடமும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, டிக்கெட்டை அரங்க வாசலிலேயே கசக்கிப் போட்டுவிட்டு வந்தாராம்.