கைமாறிய வேகப் படகு: மே முதல் அக்டோபர் வரை

மே, இரண்டாம் வாரம்

மிச்சிகனில் செயின்ட் கிளேர் ஏரிக்குப் பக்கத்தில் குடியேறிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. கோடை பிறந்தால் வி-8 எஞ்சின்களின் உறுமல் வீட்டுக்குள்ளேயே கேட்கும். இந்த வட்டாரத்தின் வேக மோகம் பழையது. ஏரிக்கு வடக்கே ஓடும் செயின்ட் கிளேர் ஆற்றில்தான் 1932-ல் கார் வுட் என்ற படகோட்டி, நான்கு பேக்கார்டு எஞ்சின்கள் பூட்டிய படகில் மணிக்கு 124.86 மைல் வேகத்தைத் தொட்டார். எனக்கு அறுபது மைல் போதும். புதுப்படகு கட்டுபடியாகாது, ஆகவே பழையதைத் தேடி இறங்கினேன்.

முதலில் பார்த்தது 22 அடிப் படகு, 1997-ல் கட்டியது. விலை 12,000 டாலர். வண்ணம் கண்ணாடிபோல் மின்னியது. மனத்துக்குள் பாதி வாங்கியே விட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். நல்லவேளையாக, படகுகளைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயரை அழைத்துச் சோதிக்காமல் பணம் தருவதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தேன்.

அவர் எஞ்சின் பக்கமே முதலில் போகவில்லை. ஒரு சிறு பிளாஸ்டிக் சுத்தியலை எடுத்துப் படகின் பின்பலகையை அங்குலம் அங்குலமாகத் தட்டினார். சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்ப்பார்களே, அதே வேலைதான். ‘ணங், ணங்’ என்று கணீரென்று வந்த ஓசை, எஞ்சின் சுழற்சியைப் புரொப்பெல்லருக்குக் கடத்தும் டிரைவ் பொருத்திய துளையை நெருங்கியதும் ‘தொப்’ என்று அமுங்கியது. கண்ணாடியிழைப் பூச்சுக்குள் இருந்த ஒட்டுப்பலகை ஊறி மக்கியிருந்தது. எஞ்சினின் முழுத் தள்ளுவிசையையும் தாங்குவது அந்தப் பலகைதான். அதை மாற்ற எஞ்சினை வெளியே தூக்க வேண்டும்.

மெக்கானிக் எட்டு சிலிண்டர்களிலும் அழுத்தம் பார்த்தார். ஆறு, சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டை ஒட்டி நின்றன. அடுத்தடுத்து இருக்கும் ஐந்தாவதும் ஏழாவதும் 95-ஐத் தாண்டவில்லை. புளோரிடாவின் உப்புநீரில் பல ஆண்டுகள் ஓடிய படகு அது. உப்பு புகைபோக்கும் மேனிஃபோல்டை உள்ளிருந்தே அரித்தால், குளிர்விக்க ஓடும் தண்ணீர் சிலிண்டருக்குள் கசியும். இதிலும் அப்படித்தான் நடந்திருந்தது. வேண்டாம் என்று திரும்பினேன். சர்வேயருக்கு அடிக்கு 25 டாலர் கணக்கில் 550, மெக்கானிக்குக் 400. இந்த 950 டாலர் போனதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

ஜூன்

இம்முறை 24 அடி, 8.2 லிட்டர் எஞ்சின், 415 குதிரைத்திறன். நன்னீரில் மட்டுமே ஓடியது. ஓட்டக் கணக்கு 410 மணி நேரம்.

மணிக்கணக்கை மட்டும் நம்பக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கார் எஞ்சின் சாலையில் வேகம் பிடித்த பிறகு பாதி ஓய்வில் ஓடும். படகு எஞ்சினுக்கு அந்தச் சலுகை இல்லை; நாள் முழுதும் மலையேறுவதுபோல் தண்ணீர் அதை இழுத்துக்கொண்டே இருக்கும். செயின்ட் கிளேர் ஏரியின் சராசரி ஆழம் பதினோரு அடிதான். அதனால் காற்றடித்தால் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். அவற்றின் மேல் வேகமாகப் போகும் படகு எகிறிக் குதிக்கும். புரொப்பெல்லர் காற்றில் சுழன்றுவிட்டு மீண்டும் தண்ணீரைக் கவ்வும் அந்தக் கணத்தில், கியர்ப் பற்களின்மேல் சம்மட்டி அடி விழுகிறது. 410 மணி நேரம் யார் ஓட்டினார், எப்படி ஓட்டினார் என்பதை எந்த மீட்டரும் காட்டாது.

டிரைவின் கியர் ஆயிலை இறக்கியபோது அது பால் கலந்த தேநீர் நிறத்தில் வடிந்தது. சீல் தேய்ந்து தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆனால் வடிந்த ஆயிலில் உலோகத் துணுக்குகள் இல்லை. எட்டு சிலிண்டர்களும் 145-க்கும் 155-க்கும் இடையில் நின்றன. பலகையும் அடித்தளச் சட்டங்களும் கணீரென்றன. 21,000 கேட்டவரிடம் அந்த ஆயிலையே காட்டிப் பேசி 18,500-க்கு முடித்தேன். பணம் கொடுக்குமுன், பின்பலகையின் வலப்புறத்தில் பொறித்திருக்கும் 12 எழுத்து அடையாள எண்ணை உரிமைப் பத்திரத்தோடு ஒப்பிட்டேன். படகின்மேல் பழைய கடன் பாக்கி இருக்கிறதா என்றும் விசாரித்தேன். முந்தைய உரிமையாளரின் கடன் படகோடு சேர்ந்தே வரக்கூடும்.

ஜூலை

டிரைவைக் கழற்றி சீல், ரப்பர் உறைகள், பேரிங், தண்ணீர் பம்பின் இம்பெல்லர் எல்லாம் மாற்றியதற்கு 2,300 ஆனது. ரப்பர் உறை ஒன்றில் விரல் வைத்து மடித்தேன். மடிப்பில் மயிரிழை போன்ற விரிசல்கள் தெரிந்தன. டிரைவ் நுழையும் துளை வழியே தண்ணீர் புகாமல் தடுப்பது அந்த உறைதான். அது கிழிந்தால் படகு நின்ற இடத்திலேயே மூழ்கும். டிரெய்லருக்கு டயரும் பிரேக்கும் 1,150. பெட்ரோல் குழாய்களுக்கும், எஞ்சின் அறையின் காற்றை வெளியேற்றும் விசிறிக்கும் 340. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அடியில் தேங்கி நிற்கும். அதனால் எஞ்சினை முடுக்குமுன் விசிறியை நான்கு நிமிடம் ஓட விடாமல் நான் சாவியைத் திருப்புவதே இல்லை.

காப்பீடு 900. வேகப் படகு என்றதும் ஒரு நிறுவனம் மறுத்துவிட்டது. இன்னொன்று சர்வேயர் அறிக்கை கேட்டது. மாநில வரி 6 சதவீதம், அதாவது 1,110. இரண்டு படகுகளுக்குமான சோதனைச் செலவு 1,950. கூட்டினால் 7,750 டாலர். படகு ஒரு மைல்கூட ஓடுமுன், விலையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தனியாகச் செலவாகியிருந்தது. பழைய படகு வாங்க நினைக்கும் நண்பர்கள் கையிருப்பு முழுவதையும் விலையிலேயே கொட்டிவிடக் கூடாது என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

ஆகஸ்ட்

இருபது ஆண்டுகளாக வேகப் படகு ஓட்டும் நண்பர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு முதல் முழு ஓட்டம். ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றை இடுப்பில் மாட்டினேன். 26 அடிக்குக் குறைவான படகுகளுக்கு 2021 ஏப்ரல் முதல் அது கூட்டாட்சிச் சட்டமும்கூட. 58 மைலைத் தாண்டியதும் படகு இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. முதலில் லேசாக, பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும் கூடுதலாக. கை தானாகவே ஸ்டீயரிங்கைத் திருப்பப் போனது. “திருப்பாதீங்க! வேகத்தை மெதுவா இறக்குங்க!” என்று நண்பர் கத்தினார். இறக்கினேன், ஆட்டம் அடங்கியது. அவர் இல்லாமல் நான் அந்த வேகத்துக்குப் போயிருக்கவே கூடாது. அதன் பிறகு நான்கு வாரம் 45 மைலுக்குள்தான் ஓட்டினேன்.

பெட்ரோல்: முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 40 கேலன், அதாவது 150 லிட்டர். நிதானமாகப் போனால் அதில் பாதிக்கும் குறைவு.

அக்டோபர், கடைசி வாரம்

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிவடையும். எஞ்சினைக் குளிர்வித்த தண்ணீர் உள்ளேயே தங்கிவிட்டால், பனிக்காலத்தில் உறைந்து வார்ப்பிரும்பைப் பிளந்துவிடும். இரண்டு பக்க வடிகால் திருகுகளையும் கழற்றினேன். இடப்பக்கம் கொட்டியது. வலப்பக்கம் ஒரு சொட்டுகூட வரவில்லை. காலியாகிவிட்டது என்று மூடியிருப்பேன், மனம் ஒப்பவில்லை. கம்பியை விட்டுக் குத்தினேன். துருச் செதில்கள் இரண்டு மூன்று உதிர்ந்தன. பிறகு ஒரு செம்பு நிறையத் தண்ணீர், காவி நிறத்தில், என் மணிக்கட்டில் வழிந்து இறங்கியது. உறைதடுப்பு திரவத்தை ஊற்றி, தார்ப்பாயால் மூடிக் கட்டினேன்.