மொட்டைப் பனையும் ரெண்டு கிளியும்

திசையன்விளைப் பக்கம் எங்கள் விளையில் தலை போன பனை ஒன்று நிற்கிறது. இடி விழுந்து பட்டுப்போனது. அறுத்து விறகாக்கிவிடலாம் என்று மாமா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போன மாசம் பொந்துக்குள்ளிருந்து ஒரு சிவந்த மூக்கு எட்டிப் பார்த்தது. கழுத்தில் ஆரம் இல்லை, சரி, பெட்டைதான். ஆணுக்குத்தான் கறுப்பும் ரோஸுமாக வளையம் விழும், அதுவும் சுமார் 3 வயசில்.

பச்சைக்கிளி பெரும்பாலும் மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பொந்தைப் பிடித்து, கொஞ்சம் அகலப்படுத்திக் குடியேறும். முட்டை பொரிய 3 வாரத்துக்கு மேல். அப்புறம் குஞ்சு பறக்க இன்னும் 6, 7 வாரம். அத்தனை நாளும் அந்தப் பட்ட மரம் நின்றாக வேண்டும். நாம் உபயோகமில்லை என்று முதலில் வெட்டுவதும் அதைத்தான்.

நேற்று ரெண்டு பையன்கள் ஏணியோடு வந்தார்கள். குஞ்சை எடுத்துக் கூண்டில் வளர்க்கப் போகிறார்களாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்றேன். "ஜோசியக்காரர் வச்சிருக்காரே அண்ணே?" என்றான் ஒருவன். அவர் வைத்திருப்பதும் தப்புதான்டே என்று சொல்லி அனுப்பினேன்.

கொய்யா பூராவும் கிளி கொத்திப் போட்டுவிட்டது என்று மாமா காலையிலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறார். விறகுப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.